பழைய பி.எம்.டபிள்யூவில் ஏ.பி.எஸ்ஸைக் கழற்றுவது: எந்த வண்டிக்குச் சரி, எந்த வண்டிக்குத் தவறு

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் பக்கங்களில் இருபது, முப்பது வயதான பி.எம்.டபிள்யூ பைக்குகள் இன்னும் நிறையவே ஓடுகின்றன. எஞ்சின் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் உழைக்கும். கியர்பாக்ஸும் தாங்கும். முதலில் கைவிடுவது பெரும்பாலும் ஏ.பி.எஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்தான். ஒரு காலை மீட்டருக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பிக்கும். புது யூனிட்டின் விலையைக் கேட்டால் வண்டியின் விலைக்கே பக்கத்தில் வந்து நிற்கும். "கழற்றிப் போட்டுவிட்டு நேராக ஹோஸ் போட்டுக்கொள்ளலாம், அண்ணா" என்று யாராவது சொல்வார்கள்.

அந்த யோசனை சில வண்டிகளுக்குச் சரி. சில வண்டிகளுக்கு அது நல்ல பிரேக்கைக் கெடுக்கும் வேலை. விளக்கு எரிகிறதா இல்லையா என்பதை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. உள்ளே இருப்பது எந்தத் தலைமுறை ஏ.பி.எஸ், அது செத்துப்போனால் லீவரில் மிச்சம் இருக்கும் பிரேக் எவ்வளவு என்ற இரண்டையும் தெரிந்துகொண்டுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

மூன்று தலைமுறைகள்

1988 இல் கே100 வரிசையில் பி.எம்.டபிள்யூ கொண்டுவந்ததுதான் விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிள்களில் முதல் மின்னணு ஏ.பி.எஸ். எஃப்.ஏ.ஜி. குகெல்ஃபிஷர் என்ற ஜெர்மன் நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று என்று கால் வைக்கும் இடத்தின் இரு பக்கமும் இரண்டு கனமான பெட்டிகள் தொங்கும். மொத்தம் 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 1993 இல் ஆர்1100ஆர்.எஸ் வந்தபோது இரண்டாம் தலைமுறை வந்தது. எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கி, எடை 6 கிலோவுக்குள் வந்தது. ஆர்1100 வரிசையின் பெரும்பாலான வண்டிகளிலும், ஆர்1150ஜி.எஸ்ஸின் முதல் வருடங்களிலும் இருப்பது இதுதான்.

இந்த இரண்டு தலைமுறையிலும் வேலை நடக்கும் விதம் ஒன்றே. சாதாரண நேரத்தில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (லீவரை அழுத்தினால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) காலிப்பர் (சக்கரத்தின் டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) வரை ஆயில் நேராகப் போகிறது. சக்கரம் லாக் ஆகப் போகிறது என்று சென்சார் சொன்னால் மட்டும் ஒரு வால்வு வழியை மூடும். உள்ளே ஒரு பிஸ்டன் பின்வாங்கி, காலிப்பர் பக்கத்து ஆயிலுக்குக் கூடுதல் இடம் கொடுக்கும். இடம் கூடினால் அழுத்தம் இறங்கும், சக்கரம் மறுபடி உருளும். மின்சாரமே இல்லாவிட்டாலும் நேர்வழி திறந்தே இருப்பதால் பிரேக் பழையபடி பிடிக்கும். விளக்கு மினுக்கும், ஏ.பி.எஸ் வேலை செய்யாது, அவ்வளவுதான். ஏ.பி.எஸ் இல்லாத வண்டி எப்படி நிற்குமோ அப்படி நிற்கும்.

2001 இல் கே1200எல்.டி., ஆர்1150ஆர்.டி. வண்டிகளில் வந்த மூன்றாம் தலைமுறை முற்றிலும் வேறு. எஃப்.டி.இ. என்ற நிறுவனம் செய்த இந்த இன்டெக்ரல் ஏ.பி.எஸ்ஸில் மின்சார பம்ப் உண்டு. லீவரை அழுத்தினால் அந்த அழுத்தம் யூனிட் வரைக்கும்தான் போகும். அங்கிருந்து சக்கரத்துக்கு அழுத்தம் கொடுப்பது பம்ப். சாவியைத் திருப்பி லீவரைப் பிடித்தால் வீர் என்று ஒரு சத்தம் கேட்குமே, அது இந்த பம்ப்தான். ஆர்.டி., எல்.டி. வண்டிகளில் கை லீவர், கால் பெடல் எதை அழுத்தினாலும் இரண்டு சக்கரமும் பிடிக்கும். ஆர்1150ஜி.எஸ், ஆர்1150ஆர் போன்றவற்றில் கை லீவர் இரண்டு சக்கரத்தையும் பிடிக்கும், பெடல் பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும். 2004 இல் வந்த ஆர்1200ஜி.எஸ்ஸின் முதல் வருடங்களிலும் இதே குடும்பம்தான்.

பம்ப் உதவியோடு பிடிக்கும் இந்த சர்வோ வகையில் பம்ப் நின்றுவிட்டால் மிஞ்சுவது 'மிச்ச பிரேக்' மட்டுமே. பிரேக் முழுவதும் போய்விடாது. ஆனால் இரண்டு விரலால் நின்ற வண்டியை நிறுத்த நான்கு விரலும் சேர்த்து முழு பலத்தோடு பிழிய வேண்டியிருக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து டவுன் ஹில் மலைச்சாலை இறக்கத்தில் முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால் அந்தப் பலத்தை ஒரு நொடிக்குள் கொண்டுவர யாராலும் முடியாது. சாவி அணைத்த நிலையில் வண்டியை இறக்கத்தில் உருட்டும்போதும் இதே மிச்ச பிரேக்தான் கையில் இருக்கும் என்பதைச் சர்வோ வண்டி வைத்திருப்பவர்கள் எப்போதும் நினைவில் வைக்க வேண்டும்.

2006 முதல் பி.எம்.டபிள்யூ சர்வோவை விட்டுவிட்டு கான்டினென்டல் டெவெஸ் தயாரித்த யூனிட்டுக்கு மாறியது. அந்த வண்டிகளில் ஏ.பி.எஸ்ஸைக் கழற்றும் பேச்சே வேண்டாம். சக்கர வேகத் தகவல் அங்கே யூனிட் வழியாக கேன் பஸ்ஸில் (வண்டியின் கணினிகள் தகவல் பரிமாறும் வயர் இணைப்பு) போகிறது. ஸ்பீடோமீட்டர் வரை பல விஷயங்கள் அதோடு பின்னியிருக்கின்றன.

ஆக, எங்கள் தீர்ப்பு இது. முதல் இரண்டு தலைமுறையில் விளக்கு எரிந்தால் காரணத்தைத் தேடுங்கள், கழற்றாதீர்கள். சர்வோ வகையில் பம்ப் செத்து, பழுதுபார்க்கவும் வழியில்லை என்றால் கழற்றுவது நியாயம். செத்த சர்வோவோடு ஓட்டுவதைவிட ஒழுங்காகச் செய்த நேர் ஹோஸ் பிரேக் பல மடங்கு பாதுகாப்பு. அதற்கு முன் ஒன்று: ஐரோப்பாவில் இந்த யூனிட்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் பட்டறைகள் இருக்கின்றன. அனுப்பித் திரும்பப் பெறும் செலவையும், புது ஹோஸ், வயரிங் வேலைக்கான செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஹோண்டா எஸ்.டி.1100இன் இணைப்பு பிரேக் ஏ.பி.எஸ் வகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: ஃபோர்க்கில் இரண்டாவது மாஸ்டர் சிலிண்டர், அழுத்தத்தைப் பங்கிடும் வால்வுகள் எல்லாம் கொண்ட அமைப்பு அது. ஹோஸை மாற்றுவதோடு அந்த வேலை முடியாது. தொடாமல் இருப்பதே மேல்.

விளக்கு மினுக்குவது எதனால்

ஆர்1100, ஆரம்பகால ஆர்1150ஜி.எஸ் வண்டிகளில் ஏ.பி.எஸ் எச்சரிக்கை விளக்குகள் இரண்டும் ஒன்றாக மினுக்கி, வண்டி நகர்ந்ததும் அணைந்தால் எல்லாம் சரி. மாறி மாறி மினுக்கினால் பழுது பதிவாகியிருக்கிறது என்று பொருள். அதற்கு மிகச் சாதாரணமான காரணம் பேட்டரிதான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மின்னழுத்தம் ஏறக்குறைய 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஏ.பி.எஸ் கணினி அதையே பழுது என்று எழுதிக்கொள்ளும். எஞ்சின் சூடானதும் சாவியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் விளக்கு போய்விடுகிறதா? அப்படியானால் புதிய 19 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை வாங்குங்கள். எர்த் கேபிள் நுனியைச் சுரண்டி இறுக்குங்கள். பிரச்சினை அங்கேயே முடியலாம்.

அடுத்தது சென்சார். சக்கரத்தோடு சுற்றும் பல்வளையத்துக்கும் சென்சார் முனைக்கும் நடுவே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். சரியான அளவு உங்கள் மாடலின் கையேட்டில் உண்டு. ஃபீலர் கேஜ் வைத்துச் சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் சரியாகவும் வேறோரிடத்தில் அதிகமாகவும் இருந்தால் வளையம் வளைந்திருக்கிறது. சென்சார் காந்தமுள்ளது, அதனால் பிரேக் பேட் தூளும் இரும்புத் துகளும் முனையில் மீசைபோல் ஒட்டிக்கொள்ளும். துணியால் துடைத்தாலே பல வண்டிகள் குணமாகிவிடும். டயர் மாற்றும் கடையில் வளையத்தின் பல்லைத் தட்டிவிடுவதும் உண்டு. சென்சார் வயர் ஃபோர்க்கோடு உரசி உள்ளே அறுந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

காரணத்தைச் சரிசெய்த பிறகும் பழுது நினைவில் இருந்தால் அழிக்க வேண்டும். இரண்டாம் தலைமுறையில் டயக்னாஸ்டிக் பிளக்கின் 2ஆம் முள்ளை எர்த்தோடு சேர்த்து, ஏ.பி.எஸ் பட்டனை அழுத்திப் பிடித்தபடி சாவியைத் திருப்பி, குறைந்தது 8 நொடி அப்படியே பிடித்திருக்க வேண்டும். எந்த முள் என்பதைக் கையேட்டில் உறுதிசெய்துவிட்டுச் செய்யுங்கள். தவறான முள்ளை எர்த் செய்தால் வேறு பழுதைக் கையாலேயே வரவழைத்ததாகிவிடும்.

சானி பாஸ் மலைப்பாதையில் ஏறவும், டிராக்கன்ஸ்பெர்க் அடிவாரத்து மண் சாலையில் போகவும் ஏ.பி.எஸ் தொல்லை என்று கழற்ற நினைப்பவர்களும் உண்டு. தளர்ந்த கல்லிலும் மண்ணிலும் பழைய ஏ.பி.எஸ் நிற்கும் தூரத்தை நீட்டும் என்பது உண்மை. சக்கரம் பிடித்தால் முன்னால் மண் குவிந்து வண்டியைத் தடுக்கும், ஏ.பி.எஸ் அதற்கு விடாது. ஆனால் ஜி.எஸ் வண்டிகளில் அதற்கென்றே அணைக்கும் வசதி கொடுத்திருக்கிறார்கள். மண் சாலை தொடங்கும் இடத்தில் நிறுத்தி அணையுங்கள், தார் வந்ததும் சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் ஏ.பி.எஸ் வந்துவிடும். அதற்காக யூனிட்டைப் பிடுங்குவதில் அர்த்தமே இல்லை.

கழற்றினால் போவது என்ன

அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். என்ற காப்பீட்டுத் துறை ஆய்வு நிறுவனம், ஒரே மாடலில் ஏ.பி.எஸ் உள்ள பைக்குகளையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்டு, உள்ளவற்றில் உயிர்போகும் விபத்து விகிதம் 22 சதவீதம் குறைவு என்று 2021 இல் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2016 முதலும், இந்தியா 2018 ஏப்ரல் முதலும் ஏ.பி.எஸ்ஸைக் கட்டாயமாக்கின. காரணம் எளிய கணக்கு. 0.8 ஜி (புவியீர்ப்பின் 0.8 மடங்கு) அளவில் பிரேக் பிடிக்கும்போது, சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டரும் எடைமையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டரும் உள்ள வண்டியில், மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பின்னாலிருந்து முன்னால் சாய்ந்துவிடும். பின்சக்கரம் கிட்டத்தட்ட வெறுமையாகிவிடும், சிறிது அழுத்தினாலே லாக் ஆகும். முன்சக்கரம் லாக் ஆனால் ஸ்டியரிங் போய்விடும், அதன் பிறகு வண்டியை நிமிர்த்த நேரமே இருக்காது. டர்பனில் வெயில் காலத்து முதல் மழை பெய்த பத்து நிமிடம், ரோபோவுக்கு (டிராஃபிக் சிக்னலுக்கு) முன்னால் லாரிகள் டீசல் சிந்திய இடத்தில், இது எந்த நல்ல ஓட்டுநருக்கும் நடக்கும்.

இன்டெக்ரல் வண்டியில் இன்னொரு இழப்பும் சேரும். கை லீவர் ஒன்றை மட்டும் பிடித்தே பின்சக்கரத்தையும் சேர்த்து நிறுத்திப் பழகியவருக்கு, மாற்றிய பிறகு பின் பிரேக்கே இல்லாததுபோல் இருக்கும். பெடலைத் தனியாக அழுத்தக் கால் பழக வேண்டும். ஆர்.டி. ஓட்டியவர்களுக்கு நிலைமை நேர்மாறு. பெடலை மட்டும் மிதித்து நிறுத்திய பழக்கம் இனி பின்சக்கரத்தை மட்டும் லாக் செய்யும். இந்தப் பழக்க மாற்றம்தான் மாற்றிய முதல் மாதத்தின் பெரிய ஆபத்து.

சட்டமும் காப்பீடும்

தென்னாப்பிரிக்காவில் பழைய வண்டி கைமாறும்போது ரோட்வர்த்தி சான்றிதழ் வேண்டும். மாற்றம் செய்வதற்கு முன்பே டெஸ்டிங் ஸ்டேஷனில் போய், இந்த மாற்றத்தை அங்கே எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பிரேக்கில் செய்த மாற்றத்தை மறைத்தால், விபத்துக்குப் பிறகு இழப்பீடு மறுக்க அதுவே போதும். விற்கும்போது 'ஃபுட்ஸ்டூட்ஸ்' (இருக்கும் நிலையிலேயே விற்கிறேன்) என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தெரிந்தே குறையை மறைத்தவரை அந்த வார்த்தை காப்பாற்றாது. வாங்குபவரின் உயிர் அதில் இருக்கிறது. ஆகவே ஏ.பி.எஸ் இல்லை என்று விற்பனைத் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஆயில் வழியை மாற்றுவது

இனி வரும் வேலை சர்வோ வகை ஆர்1150 போன்ற வண்டிகளை மனதில் வைத்தது. டேங்கைக் கழற்ற வேண்டும், யூனிட் அதன் அடியில் இருக்கிறது. முதலில் பேட்டரியின் எர்த்தைக் கழற்றுங்கள். பிறகு ஆயிலை வடித்து, குழாய்களைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டிப் படம் எடுங்கள். யூனிட்டுக்குள்ளும் ஆயில் நிற்கும், அதனால் எடுக்கும்போது சாய்க்காமல், அடியில் பழந்துணி போட்டு எடுக்க வேண்டும். டாட் 4 ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். பட்ட இடத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

இந்த வகையில் லீவரிலிருந்து யூனிட் வரை ஒரு வழி, யூனிட்டிலிருந்து காலிப்பர் வரை தனி ஆயிலோடு இன்னொரு வழி என்று இரண்டு தனித்தனிச் சுற்றுகள். இரண்டுக்கும் நடுவே வெறும் இணைப்பான் போட்டு ஒட்டவைப்பது மட்டமான வேலை. பழைய ஸ்டீல் குழாய், பழைய ரப்பர் ஹோஸ், கூடுதல் மூட்டுகள் என்று கசியக்கூடிய இடங்கள் பெருகும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து முன் காலிப்பர் வரை புதிய ஹோஸ், பின் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பின் காலிப்பர் வரை புதிய ஹோஸ் என்று முழுவதும் மாற்றுவதுதான் சரி. அதே மாடல் ஏ.பி.எஸ் இல்லாமலும் விற்கப்பட்டிருந்தால் அதன் ஹோஸ் வழித்தடத்தைப் பார்த்து அப்படியே செய்யலாம்.

ஹோஸ் வாங்குவதில்தான் அதிகம் தவறுகிறார்கள். தொழிற்பேட்டையில் ஹைட்ராலிக் ஹோஸ் செய்துதரும் கடைகள் உண்டு. புல்டோசருக்கு நல்ல ஹோஸ் அது, பிரேக்குக்கு அல்ல. பிரேக் ஆயிலைத் தாங்கும் டெஃப்லான் உட்குழாயும் ஸ்டெயின்லெஸ் பின்னலும் கொண்டு, பிரேக் தரக்குறி அச்சிட்ட ஹோஸ்தான் வேண்டும். நீளத்தை எடுக்கும்போது முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, சஸ்பென்ஷன் முழுவதும் நீண்ட நிலையில் வையுங்கள். ஹேண்டில்பாரை இடதுகோடிக்கும் வலதுகோடிக்கும் திருப்பி ஒரு கயிற்றை வைத்து அளந்துகொள்ளுங்கள். இழுபடவும் கூடாது, டயரிலோ எக்ஸாஸ்ட்டிலோ தொடவும் கூடாது. பின்னால் ஸ்விங்ஆர்ம் மேலும் கீழும் போகும் முழுத் தூரத்துக்கும் இதே சோதனை.

ஹோஸின் நுனியை இறுக்கும் துளையுள்ள போல்ட்டான பேஞ்சோ போல்ட்டின் மரையைக் கேஜ் வைத்துப் பாருங்கள். ஐரோப்பிய பிரேக்குகளில் பொதுவாக 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையே உள்ள தூரம்). ஜப்பானிய வண்டிகளில் 1.25 பிட்ச். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், முதல் இரண்டு சுற்று உள்ளேயும் போகும், பிறகு அலுமினியத்தின் மரையைத் தின்றுவிடும். விரலால் கடைசிவரை சுற்ற முடியாத போல்ட்டை ஸ்பேனரால் சுற்றாதீர்கள். வாஷர்கள் எல்லாம் புதியதாக இருக்க வேண்டும். ஒரு ஹோஸ் வரும் போல்ட்டுக்கு இரண்டு, இரண்டு ஹோஸ் ஒன்றாக வரும் நீள போல்ட்டுக்கு மூன்று. இறுக்கும் டார்க் கையேட்டில் உள்ளபடி. பி.எம்.டபிள்யூவில் இது ஜப்பானிய வண்டிகளுக்குச் சொல்லும் 30 நியூட்டன் மீட்டரைவிடக் குறைவு. டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

மாஸ்டர் சிலிண்டரின் அளவு பொருந்துமா என்பதையும் பார்த்தாக வேண்டும். சர்வோ இருந்தபோது லீவரின் வேலை பம்புக்குச் சைகை கொடுப்பதுதான். இப்போது காலிப்பருக்கு வேண்டிய ஆயில் முழுவதையும் அந்த மாஸ்டர் சிலிண்டரே தள்ள வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 34 மி.மீ. பிஸ்டன் இரண்டும் 32 மி.மீ. பிஸ்டன் இரண்டும் உள்ள காலிப்பர் இரண்டு இருந்தால் எல்லா பிஸ்டன்களின் பரப்பு சேர்ந்து ஏறக்குறைய 6,850 சதுர மி.மீ. ஒவ்வொரு பிஸ்டனும் 0.15 மி.மீ. நகர வேண்டுமானால் 1,027 கன மி.மீ. ஆயில் தேவை. 16 மி.மீ. மாஸ்டர் சிலிண்டர் அதற்கு 5.1 மி.மீ. நகர்ந்தால் போதும். 13 மி.மீ. என்றால் 7.7 மி.மீ. நகர வேண்டும். ஹோஸ் விரிவதையும் பேட் அமுங்குவதையும் சேர்த்தால் சிறிய சிலிண்டரில் லீவர் ஹேண்டில் பிடியைத் தொட்டுவிடும். பெரிய சிலிண்டர் போட்டால் லீவர் கொஞ்சமே நகரும், ஆனால் கல்லைப் பிடித்ததுபோல் கடினமாக இருக்கும், அதிக பலம் கேட்கும். பழைய சிலிண்டரிலேயே தொடங்கலாம், அதன் மேல் வார்த்திருக்கும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்று முழுவதும் எடுத்த பிறகும் லீவர் பிடியின் பக்கத்தில் வந்தால், ஏ.பி.எஸ் இல்லாத அதே மாடலின் மாஸ்டர் சிலிண்டரைத் தேடுவதுதான் வழி.

சக்கரத்தில் உள்ள பல்வளையத்தைக் கழற்றாதீர்கள். சில வண்டிகளில் அது டிஸ்க் போல்ட்டுகளோடு சேர்ந்தே இறுகியிருக்கும். வளையத்தை எடுத்தால் அதே போல்ட் அடியில் முட்டி, இறுகியதுபோல் காட்டிவிட்டு டிஸ்க்கைத் தளர்வாக விடும். சென்சாரை மட்டும் எடுத்து, அதன் துளையை மூடினால் போதும்.

வயரிங்: இங்கேதான் ஏமாறுவார்கள்

ஹோஸ் எல்லாம் மாட்டி, வண்டி நன்றாக நிற்கிறது என்று சந்தோஷமாக ரோட்டுக்கு வந்தால், பின்னால் பிரேக் லைட் எரியாது. சர்வோ வகையில் லீவர், பெடல் சுவிட்சுகள் நேராக லைட்டை எரிப்பதில்லை. யூனிட்டுக்குத் தகவல் சொல்கின்றன, யூனிட்தான் லைட்டை எரிக்கிறது. சில மாடல்களில் டெயில் லைட்டும் அந்த வழியாகவே போகிறது. யூனிட் போனால் அதுவும் போய்விடும். இருட்டில் என்3 சாலையில் டெயில் லைட் இல்லாமல் போவது எப்படி முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

உங்கள் மாடலின் வயரிங் படத்தை எடுத்து, யூனிட்டின் பெரிய பிளக்கில் எந்த வயர் சுவிட்சிலிருந்து வருகிறது, எது பிரேக் லைட்டுக்குப் போகிறது, எது டெயில் லைட், எது நிரந்தர 12 வோல்ட் என்று மீட்டரால் ஒவ்வொன்றாக உறுதிசெய்யுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், 20 வருடத்தில் யாராவது கை வைத்திருப்பார்கள். 21 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். தகவல் சொல்வதற்காக மட்டும் வைத்த சிறிய மைக்ரோ சுவிட்ச் அந்த மின்னோட்டத்தைத் தினமும் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கொஞ்ச நாளில் உள்ளே கருகி, பிரேக் லைட் எரிந்தே நிற்கும் அல்லது எரியவே எரியாது. ஆகவே சுவிட்ச் ஒரு சிறிய ரிலேயை இயக்கட்டும், ரிலே லைட்டை எரிக்கட்டும். ரிலேக்கு வரும் 12 வோல்ட் வயரில் தனி ஃப்யூஸ் 5 ஆம்பியர் போதும்.

ஹார்னஸை (வண்டியின் வயர்க் கற்றையை) வெட்டாதீர்கள். பழைய யூனிட்டின் பிளக்குக்குள் பொருந்தும்படி ஒரு சிறிய இணைப்புக் கட்டையைச் செய்து, ரிலேயை அதோடு சேர்த்து, நீர் புகாத குழாயில் அடக்கி டேங்கின் அடியில் கட்டுங்கள். நாளைக்கு யூனிட் பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பி வந்தால் பத்து நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும். யூனிட்டின் பம்புக்குப் போகும் தடித்த 12 வோல்ட் வயரை அப்படியே தொங்கவிடக் கூடாது. பேட்டரிப் பக்கத்திலேயே கழற்றி, நுனியை மூடிவிடுங்கள். அது எர்த்தைத் தொட்டால் தீப்பிடிக்கும் அளவு மின்னோட்டம் போகும்.

எச்சரிக்கை விளக்கின் பல்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஏ.பி.எஸ் இருப்பதுபோல் வண்டியைக் காட்டுவது மோசடி. விளக்கை அணைக்க வேண்டியிருந்தால் அதன் வயரைக் கழற்றி, மீட்டருக்குப் பக்கத்தில் 'ஏ.பி.எஸ் இல்லை' என்று ஒட்டிவையுங்கள். அடுத்து ஓட்டுபவர் யாராக இருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காற்று எடுப்பது, சோதிப்பது

புதிய டாட் 4 ஆயில், சீல் உடைக்காத புட்டி. அரை லிட்டர் போதும், வெறுமையான புதிய ஹோஸை நிரப்புவதால் ஒரு லிட்டர் வைத்திருப்பது நல்லது. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அந்த எல்லை 155 ஆக இறங்கிவிடும். டர்பன் கடற்கரையின் ஈரக்காற்றில் திறந்த புட்டி வேகமாகக் கெடும். போன வருடம் பாதி ஊற்றி மூடிவைத்ததைப் பயன்படுத்தாதீர்கள். சிலிக்கோன் ஆயிலான டாட் 5 வேண்டவே வேண்டாம். பெயரில் பக்கத்தில் இருக்கும் டாட் 5.1 வேறு வகை, அதை டாட் 4 இடத்தில் போடலாம்.

முன்னால் மாஸ்டர் சிலிண்டரின் பேஞ்சோதான் மிக உயர்ந்த இடம், காற்று அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஹேண்டில்பாரைத் திருப்பி மாஸ்டர் சிலிண்டரின் வாய் மேலே பார்க்கும்படி வைத்து, லீவரைச் சிறிது சிறிதாகத் தட்டுங்கள். ஆயில் டப்பாவில் நுண்குமிழிகள் வரும். பிறகு காலிப்பர் நிப்பிளில் வழக்கமான முறை: அழுத்து, திற, மூடு, விடு. டப்பாவில் ஆயில் ஒருபோதும் அடிமட்டத்துக்கு இறங்கக் கூடாது. இரண்டு காலிப்பரிலும் முடித்ததும் லீவரைப் பட்டையால் ஹேண்டில் பிடியோடு இறுக்கிக் கட்டி, ஒரு இரவு விடுங்கள். எஞ்சிய குமிழிகள் மேலே ஏறிவிடும். காலையில் மறுபடி ஒரு தடவை எடுத்தால் லீவரின் உறுதியில் வித்தியாசம் தெரியும்.

ரோட்டில் இறக்குமுன் லீவரை முழு பலத்தோடு ஒரு நிமிடம் பிடித்திருங்கள். அது மெதுவாகக் கீழே போனால் எங்கோ கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள்சீல் போய்விட்டது. ஒவ்வொரு பேஞ்சோவிலும் வெள்ளைத் தாளைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். லீவரை விட்டபின் சக்கரம் தடையின்றி உருள வேண்டும். உரசி நின்றால் லீவரில் சிறிதும் தளர்வு (ஃப்ரீ பிளே) இல்லை, மாஸ்டர் சிலிண்டரின் திரும்பும் துளை மூடியே இருக்கிறது என்று அர்த்தம். ஓட ஓட ஆயில் சூடாகி விரிந்து பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும், கடைசியில் லாக்கும் ஆகும். அதைச் சரிசெய்யாமல் வண்டியை நகர்த்தக் கூடாது.

முதல் ஓட்டம் காலியான இடத்தில், சமதளத்தில், 20 கிலோமீட்டர் வேகத்தில். ஹேண்டில்பாரை இரு கோடிக்கும் திருப்பியபடி பிரேக் பிடித்து ஹோஸ் எங்கும் இழுக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். பிறகு 40, பிறகு 60. பெடலைத் தனியாக, லீவரைத் தனியாக, பின் இரண்டும் சேர்த்து. பின்சக்கரம் எவ்வளவு மெல்லிய அழுத்தத்தில் லாக் ஆகிறது என்று கால் கற்றுக்கொள்ளும்வரை இதைச் செய்யுங்கள். பின்னால் ஆள் ஏற்றுவதும், ஃபீல்ட்ஸ் ஹில் போன்ற நீண்ட இறக்கமும் அதற்குப் பிறகுதான்.

100 கிலோமீட்டர் ஓடியதும் பேஞ்சோ போல்ட்டுகளின் டார்க்கை மறுபடி பாருங்கள். ஹோஸ் ஃபோர்க்கிலோ ஃபிரேமிலோ உரசிய தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். 1,000 கிலோமீட்டரில் இன்னொரு முறை. ஆயிலை வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். கடற்கரையில் வைத்திருக்கும் வண்டிக்கு மழைக்காலம் முடிந்த பிறகு மாற்றுவது ஏற்ற நேரம். கழற்றிய யூனிட்டின் வாய்களை அடைத்து, சென்சார், போல்ட், பழைய வயரிங் படம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, வண்டியின் மாடல், வருடம், யூனிட்டின் பாக எண், அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர் ஆகியவற்றை மேலே எழுதி வையுங்கள்.